எஸ்கேப் பூங்காவுக்குக் குடும்பத்தோடு வருவோர் பினாங்கில் எங்கே தங்கலாம்?

கோலாலம்பூரில் வசிக்கும் ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: வரும் பள்ளி விடுமுறையில் பினாங்கு எஸ்கேப் சாகச, நீர் விளையாட்டுப் பூங்காவுக்குப் போகிறோம். கணவர், நான், 11 வயது மகன், 5 வயது மகள், கூடவே என் மாமியார். அவருக்கு முட்டிவலி, சைவம் மட்டுமே சாப்பிடுவார். சொந்தக் காரில் வருகிறோம், இரண்டு இரவுகள் தங்குவோம். பூங்காவுக்கு மிக அருகில் இருக்கும் விடுதியைப் பிடிப்பதா, ஜார்ஜ் டவுனில் தங்கிக்கொண்டு ஒரு நாள் மட்டும் பூங்காவுக்குப் போய் வருவதா?

நான் பத்து பெரிங்கி கடற்கரை விடுதிகளில் முன்பதிவுப் பிரிவில் வேலை பார்த்தவன். இந்தக் கேள்வியைப் பலர் பல விதமாகக் கேட்டிருக்கிறார்கள். உங்களுக்கு என் பதில்: இரண்டு இரவும், ஜார்ஜ் டவுன் நகரத்துக்கும் பூங்காவுக்கும் நடுவே கடற்கரையில் இருக்கும் பத்து பெரிங்கியில் தங்குங்கள். ஜார்ஜ் டவுனை, வந்து சேரும் நாளின் மதியச் சாப்பாட்டுக்கும் திரும்பும் நாளின் காலைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். காரணத்தை விரிவாகச் சொல்கிறேன். அது தெரிந்துவிட்டால் எந்த விடுதி, எந்த அறை என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

பூங்காவுக்கு அருகில் தங்க வேண்டும் என்று நினைப்பவர்கள் பெரும்பாலும் காலை நேரத்தை மனத்தில் வைத்துத்தான் நினைக்கிறார்கள். கதவு திறந்ததும் உள்ளே நுழைந்துவிட வேண்டும் என்ற ஆசை. உண்மையில் பினாங்கில் காலைப் பயணம் ஒரு சிரமமே இல்லை. தெலுக் பஹாங்கில் இருக்கும் எஸ்கேப் வழக்கமாகக் காலை 10 மணிக்குத்தான் திறக்கிறது. அந்த நேரத்தில் நகரத்திலிருந்து தெலுக் பஹாங் பக்கம் போகும் சாலை, வேலைக்கு வருவோரின் ஓட்டத்துக்கு எதிர்த் திசை. ஜார்ஜ் டவுனிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர். வளைவுகள் உண்டு, ஆனால் நெரிசல் குறைவு. காலை நேரத்துக்காக மட்டும் அருகில் தங்குவது பணத்தை வீணாக்குவது.

அருகில் தங்குவதன் முழுப் பயன் மதியம் ஒரு மணிக்கு மேல்தான் தெரியும். உங்கள் குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். 11 வயதுப் பையன் மாலை 6 மணிக்குப் பூங்கா மூடும் வரை வெளியே வர மாட்டான். வரவும் கூடாது, அங்கே மரத்துக்கு மரம் கட்டிய கயிற்றுப் பாதைகள், நீர்ச்சறுக்குகள், எல்லாவற்றுக்கும் மேலாக 1,111 மீட்டர் நீளமுள்ள குழாய்ச் சறுக்கு. 2019-இல் உலகின் மிக நீளமான நீர்க்குழாய்ச் சறுக்கு என்று கின்னஸ் பதிவில் இடம்பெற்றது அது. நாற்காலித் தொங்கூர்தியில் மலைமேல் ஏறிப்போய், மிதவை வளையத்தில் உட்கார்ந்து, காட்டுக்கு நடுவே இறங்கி வர வேண்டும். அவனுக்கு ஒரு முறை போதாது. 5 வயதுப் பெண்ணோ மதியத்துக்குள் களைத்துவிடுவாள். பல விளையாட்டுகளில் உயர அளவு பார்ப்பார்கள். அண்ணன் போகிற இடத்துக்கெல்லாம் அவளால் போக முடியாது. வெயில், தண்ணீர், பசி மூன்றும் சேர்ந்தால் அழுகை வந்துவிடும். உங்கள் மாமியாருக்குப் பூங்காவுக்குள் செய்ய ஒன்றும் இல்லை. மலையடிவாரத்தில் அமைந்த இடம். ஏற்றமும் இறக்கமும் உள்ள நிலம்.

ஆக, ஐந்து பேரும் காலை 10 மணி முதல் மாலை 6 மணி வரை ஒன்றாகவே இருக்கும் நாள் அல்ல அது. குடும்பம் இரண்டாகப் பிரிந்து, மாலையில் மீண்டும் சேர வேண்டிய நாள். பத்து பெரிங்கியிலிருந்து பூங்கா ஐந்தாறு கிலோமீட்டர்தான். மதியம் ஒருவர் குழந்தையை அழைத்துக்கொண்டு விடுதிக்கு வந்து, குளிப்பாட்டி, சோறு ஊட்டி, தூங்க வைத்துவிட்டு, மாலையில் போய் மற்ற இருவரையும் காரில் ஏற்றிக்கொண்டு வரலாம். ஜார்ஜ் டவுனில் தங்கினால் இது நடக்காது. போக 20, வர 20, மறுபடி போக 20, வர 20 என்று அந்தக் கடலோரச் சாலையில் நாள் முழுவதும் ஓட்டிக்கொண்டிருக்க யாராலும் முடியாது. அதனால் களைத்த குழந்தையையும் பூங்காவிலேயே வைத்துக்கொண்டு மாலை வரை சமாளிப்பார்கள்; இல்லையென்றால் மகனை மதியமே இழுத்துக்கொண்டு வருவார்கள். மாமியார் நகரத்து அறையில் தனியாக உட்கார்ந்திருப்பார். ஆசையாக ஏற்பாடு செய்த பயணம் மனத்தாங்கலில் முடிந்த குடும்பங்களை நான் வரவேற்பு மேசையில் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் காரணம் இதுதான்.

மதியம் திரும்பி வருவது எப்போதும் அம்மாவாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. தொலைவு குறைவாக இருந்தால் மாற்றி மாற்றி இருக்கலாம். காலையில் நீங்கள் மகளோடு இருங்கள், கணவர் மகனோடு இருக்கட்டும். மதியம் கணவர் மகளை விடுதிக்கு அழைத்துப் போகட்டும், நீங்கள் மகனோடு அந்த நீளச் சறுக்கில் இறங்குங்கள். நுழைவுச்சீட்டு உங்களுக்கும் வாங்கியிருக்கிறீர்கள் அல்லவா?

மாலைப் பயணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தஞ்சோங் பூங்கா என்ற ஊருக்கும் பத்து பெரிங்கிக்கும் நடுவே சாலை மலையை ஒட்டி, கடலுக்கு மேலே வளைந்து வளைந்து போகிறது. அகலம் குறைவு, முன்னால் ஒரு சுற்றுலாப் பேருந்து போனால் அதன் பின்னாலேயேதான் போக வேண்டும். மாலை 6 மணிக்குப் பூங்கா மூடும் நேரமும், பத்து பெரிங்கியின் கடைகளும் கடலுணவுக் கடைகளும் களைகட்டும் நேரமும் ஏறத்தாழ ஒன்றே. நகரத்தில் தங்குபவர்கள் அந்தக் கூட்டத்தின் நடுவே புகுந்துதான் திரும்ப வேண்டும். ஈர உடையோடு, பசியோடு, பின் இருக்கையில் தூங்கி வழியும் பிள்ளைகளோடு. பத்து பெரிங்கியில் தங்குபவர்களுக்கு அந்த நெரிசல் தொடங்கும் இடத்திலேயே பயணம் முடிந்துவிடும்.

அப்படியானால் இன்னும் அருகில், தெலுக் பஹாங்கிலேயே தங்கலாமே என்று கேட்பீர்கள். தங்கலாம். அங்சானா கடற்கரை விடுதி அங்கே இருக்கிறது. கிராமத்துக்குள் சிறு தங்குமிடங்களும் வாடகை வீடுகளும் உண்டு. தெலுக் பஹாங் மீனவர் ஊர், எனக்குப் பிடித்த ஊரும்கூட. நம் மக்களுக்கு அந்த இடத்தோடு ஒரு பழைய உறவு உண்டு. அங்கேயுள்ள சிங்கமுகக் காளியம்மன் ஆலயத்தில் மாசி மகத்தன்று தெப்பத் திருவிழா நடக்கும். அம்மன் கடலில் தெப்பத்தில் வலம் வருவாள். ஆனால் சாதாரண நாளில் இரவு 8 மணிக்கு மேல் சைவச் சாப்பாடு தேடினால் அங்கே தேர்வு மிகக் குறைவு. பத்து பெரிங்கியில் ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளித் தங்குவதால் நீங்கள் இழப்பது பத்து, பதினைந்து நிமிடம். கிடைப்பது நடக்கும் தூரத்தில் மருந்துக்கடை, பலசரக்குக் கடை, மாமாக் கடை என்னும் இந்திய முஸ்லிம் உணவுக்கடை. கைக்குழந்தையோ முதியவரோ இருக்கும் வீட்டார் அந்தப் பதினைந்து நிமிடத்துக்காக இவற்றை விட்டுக்கொடுக்க வேண்டாம்.

இனி விடுதிகள். பத்து பெரிங்கியின் கடற்கரை விடுதிகள் பலவும் பழையவை. ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் உண்டு. ராசா சாயாங் 1973-இல் திறந்தது. பெரிய மழைமரங்களும் விரிந்த புல்வெளியும் கொண்டது. பெரியவர்கள் மர நிழலில் உட்கார அதைவிட நல்ல இடம் அந்தக் கரையில் இல்லை என்பது என் கருத்து. வாடகையும் அதற்கேற்ப உயரம். அதன் பக்கத்திலேயே கோல்டன் சேண்ட்ஸ். இது பிள்ளைகளை மனத்தில் வைத்து நடத்தப்படும் விடுதி. சறுக்குகளோடு கூடிய உள்ளரங்க விளையாட்டுக்கூடமும் அங்கே உண்டு. மழை பெய்யும் மதியத்தில் உங்கள் மகளுக்கு அது பெரிய ஆறுதல். ஹார்ட் ராக் 2009-இல் வந்தது. பரந்து வளைந்த நீச்சல் குளம் அதன் பலம், பிள்ளைகளுக்கு அந்தக் குளத்தை விட்டு வர மனம் வராது. இசையும் ஆரவாரமும் அந்த விடுதியின் இயல்பு. மாலையில் அமைதி வேண்டும் என்று நினைக்கும் பாட்டிக்கு அது ஒத்துவராது. லோன் பைன் 1948 முதல் இருப்பது, சிறியது, அமைதியானது; தம்பதிகளுக்கு நான் அதைச் சொல்வேன், உங்களுக்குச் சொல்ல மாட்டேன். நகரத்துப் பக்கமாக, மயாமி கடற்கரை அருகே டபுள்ட்ரீ இருக்கிறது. நல்ல விடுதிதான், ஆனால் பத்து பெரிங்கியின் கடைத்தெருவிலிருந்து தள்ளி இருப்பதால் ஒவ்வொரு சிறு தேவைக்கும் காரை எடுக்க வேண்டும்.

உங்கள் ஐவரில் பூங்காவுக்குள் நுழையவே போகாதவர் யாரோ, அவர்தான் விடுதியில் அதிக நேரம் இருப்பார். ஆகவே விடுதியை அவர் கண்ணால் பாருங்கள். உங்கள் வீட்டில் அது மாமியார். பெயர்ப் பலகையையும் நட்சத்திரங்களையும் விட, அவருக்குக் கொடுக்கப்படும் அறை முக்கியம்.

முதலில் குளியலறை. கடற்கரை விடுதிகளின் பழைய அறைகளில் குளியல் தொட்டிக்குள் ஏறி நின்றுதான் குளிக்க வேண்டியிருக்கும். தொட்டியின் விளிம்பு முட்டி உயரம் இருக்கும், அடி வழுக்கும். முட்டிவலி உள்ளவருக்கு அதில் ஏறி இறங்குவது ஆபத்து. புதுப்பிக்கப்பட்ட அறைகளில் தொட்டி இல்லாமல் தரையோடு நின்று குளிக்கும் அமைப்பு இருக்கும். முன்பதிவு செய்யும்போதே அதைக் கேட்டு வாங்குங்கள். கைப்பிடி பொருத்தப்பட்ட அறை சில விடுதிகளில் ஒன்றிரண்டு மட்டும் இருக்கும். அது முன்கூட்டிக் கேட்பவருக்கே கிடைக்கும். அடுத்தது நடை. கடற்கரை விடுதிகள் நீளவாக்கில் கட்டப்பட்டவை. மின்தூக்கியிலிருந்து கடைசி அறைக்கு நடப்பது வீட்டுக்கும் சந்தைக்கும் நடப்பதைப் போல இருக்கும். மின்தூக்கிக்கு அருகில், உணவறைக்குப் போகும் பக்கத்தில் அறை வேண்டும் என்று சொல்லுங்கள்.

கடலைப் பார்த்த அறைக்குக் கூடுதல் பணம் கொடுக்கலாமா என்பது எப்போதும் வரும் கேள்வி. உங்களுக்கு வேண்டாம். பகல் முழுவதும் பூங்காவில், மாலையில் களைப்பு, இரவில் கடல் வெறும் இருட்டு. தோட்டத்தில் இறங்கி நடந்தால் கடல் எல்லோருக்கும் பொதுவாக அங்கேயே இருக்கிறது. அந்தப் பணத்தை இணைக் கதவுள்ள இரண்டு அறைகளுக்குச் செலவிடுங்கள். மூன்று பெரியவர்கள் என்பதுதான் உங்கள் கணக்கைச் சிக்கலாக்குகிறது. பெரும்பாலான அறைகள் இரண்டு பெரியவர், இரண்டு சிறுவர் என்ற கணக்கில் அமைந்தவை. மூன்றாம் பெரியவருக்குக் கூடுதல் கட்டில் போடச் சொன்னால் அறையில் நடக்க இடம் இருக்காது; இரவில் எழுந்து போகிற பாட்டி பெட்டிகளில் இடறுவார். இரண்டு தனிக்கட்டில்கள் உள்ள அறையில் பாட்டியும் பேத்தியும், பக்கத்து அறையில் நீங்கள் இருவரும் மகனும். நடுவில் கதவு. சொகுசு அறை ஒன்றை விட இது பல சமயங்களில் மலிவாகவும் முடியும். ஒன்றைக் கவனியுங்கள்: இணையத்தில் பதிவு செய்யும்போது இணைக் கதவு வேண்டும் என்று எழுதும் இடத்தில் எழுதிவிட்டால் மட்டும் அது உறுதியாகிவிடாது. அது வேண்டுகோள்தான். விடுதிக்கே தொலைபேசியில் பேசி, மின்னஞ்சலில் எழுத்துப்பூர்வமாக உறுதி வாங்குங்கள். வருவதற்கு இரண்டு நாள் முன்பு மறுபடி நினைவூட்டுங்கள். அறை ஒதுக்குபவர் அந்த நேரத்தில்தான் பட்டியலை முடிப்பார். பேசியவர் பெயர் அவர் நினைவில் நிற்கும்.

பிள்ளைகளின் வயதை உள்ளபடியே சொல்லுங்கள். காலை உணவு பொதுவாக அறைக்கு இரண்டு பெரியவருக்கே சேர்ந்திருக்கும். சிறுவருக்கு எந்த வயதுவரை இலவசம், எந்த வயதிலிருந்து பாதிக் கட்டணம் என்பது விடுதிக்கு விடுதி மாறும். 11 வயது அந்த எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் வயது. பயணத்துக்கு முன் அவனுக்குப் பிறந்தநாள் வருகிறதென்றால் அதையும் கணக்கில் எடுங்கள்.

அறையையும் பூங்கா நுழைவுச்சீட்டையும் சேர்த்துத் தரும் சலுகைகளைப் பார்ப்பீர்கள். அவை குடும்பத்தில் எல்லோரும் பூங்காவுக்குப் போவார்கள் என்று வைத்துப் போடப்பட்டவை. உங்கள் வீட்டில் ஒருவர் போகப்போவதில்லை. அறை வாடகை தனியாக, நான்கு சீட்டு தனியாக எழுதிக் கூட்டிப் பார்த்துவிட்டு, பிறகு சலுகை விலையோடு ஒப்பிடுங்கள். சீட்டை முன்கூட்டியே இணையத்தில் வாங்கினால் பூங்காவே விலை குறைத்துத் தருவதும் உண்டு.

மாமியாரின் சாப்பாட்டுக்கு வருகிறேன். இதில்தான் நம் குடும்பங்கள் அதிகம் தடுமாறுகின்றன. பெரிய விடுதிகளின் காலை உணவில் ரொட்டி சானாய், பருப்புக் குழம்பு, சில நாட்களில் தோசை என்று நம் உணவுக்கு ஒரு மூலை இருக்கும். அது போதும். மதியமும் இரவும்தான் கடினம். காய்கறிப் பிரட்டல் என்று எழுதியிருப்பதை நம்பி வாங்க வேண்டாம். பெலாச்சான் என்னும் இறால் விழுது, நெத்திலி, சிப்பிச் சாறு இவற்றில் ஏதாவது ஒன்று சேர்ந்திருக்க வாய்ப்புண்டு. நாசி லெமாக் சம்பலும் அப்படியே. சமையற்காரரிடம் இந்த மூன்றின் பெயரையும் சொல்லிக் கேளுங்கள். வெறுமனே சைவம் என்று சொன்னால், இறைச்சி மட்டும் வேண்டாம் போலிருக்கிறது என்று எடுத்துக்கொள்வார்கள்.

இதற்கு நல்ல வழி, வரும் நாளிலேயே ஜார்ஜ் டவுன் குட்டி இந்தியாவில் நிறுத்துவது. பாலத்தைக் கடந்து பத்து பெரிங்கிக்குப் போகும் வழியில் நகரத்தைத் தொட்டுத்தான் போகப்போகிறீர்கள். பினாங்குத் தெருவில் உட்லண்ட்ஸ் சைவ உணவகம் இருக்கிறது. மதியம் இலைச் சாப்பாடு சாப்பிடுங்கள். இரவுக்கு இட்லியோ சப்பாத்தியோ கட்டி வாங்கிக்கொள்ளுங்கள். அறையில் குளிர்பெட்டியும் சுடுநீர்க் குவளையும் உண்டா என்று முன்பே கேட்டு வைத்தால் தயிர், பழம், ஒரு வேளைக்கான உணவு என்று மாமியார் யாரையும் எதிர்பாராமல் இருக்கலாம். வெளி உணவை அறைக்குள் கொண்டுவர விடுதிகள் பொதுவாகத் தடுப்பதில்லை. அறைக்குள் சமைப்பதைத்தான் அனுமதிக்க மாட்டார்கள். கொண்டுவரவே கூடாத ஒன்று டுரியான். பருவ காலத்தில் தெலுக் பஹாங்கிலிருந்து பாலிக் பூலாவ் போகும் வழியில் பழக்கடைகள் ஆசை காட்டும். கடையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வாருங்கள். அறையில் வாசனை பிடித்துவிட்டால் அபராதம் கட்ட வேண்டும். மங்குஸ்தானும் பல விடுதிகளில் தடைதான். அதன் சாயம் படுக்கை விரிப்பிலிருந்து போகாது.

நீச்சல் குளத்தைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: எத்தனை மணிக்கு மூடுவீர்கள்? மாலை 7 மணிக்கு மூடும் குளங்கள் உண்டு. பூங்கா 6 மணிக்கு முடிந்து நீங்கள் வந்து சேர்வதற்குள் மூடிவிடுவார்கள். மகனுக்கு வருத்தம் இருக்காது, அவன் நாள் முழுவதும் தண்ணீரில் இருந்தவன். மகளுக்கு மதியத் தூக்கத்துக்குப் பிறகு 4 மணி முதல் குளம் வேண்டும். பாட்டி ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்கலாம். ஆழமில்லாத, நிழலுள்ள சிறுவர் குளம் இருக்கிறதா என்று படங்களில் தேடுங்கள். குளத்தில் பருத்திச் சட்டையோடு இறங்க விடமாட்டார்கள்; நீச்சல் உடை எல்லோருக்கும் வேண்டும்.

கடலில் குளிக்கலாம் என்று நினைத்து வராதீர்கள். பினாங்கின் வடகரைக் கடலில் ஜெல்லிமீன்கள் உண்டு. கொடிய நஞ்சுள்ள பெட்டி ஜெல்லிமீன்களும் அவற்றில் அடக்கம். தேசியப் பூங்காப் பக்கத்தில் எச்சரிக்கைப் பலகைகளே வைத்திருக்கிறார்கள். மணலில் விளையாடட்டும், சூரியன் மறைவதைப் பார்க்கட்டும், குளிப்பது குளத்தில் மட்டும். இதில் நான் கண்டிப்பாக இருப்பேன். குழந்தையின் தோலில் அது பட்டால் பெரியவர்களைவிட ஆபத்து அதிகம்.

நாட்களைத் தேர்ந்தெடுப்பதிலும் சிந்திக்க இருக்கிறது. கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். பினாங்கு, பேராக், சிலாங்கூரில் சனியும் ஞாயிறும். இரு பக்கத்தாரும் சேர்ந்து வருவது சனிக்கிழமை. அன்று பூங்காவிலும் கூட்டம், அறை வாடகையும் உச்சம், சாலையும் நிரம்பி வழியும். ஞாயிறு மாலையிலிருந்து வாடகை இறங்கத் தொடங்கும். எஸ்கேப் வழக்கமாகத் திங்கட்கிழமைகளில் மூடப்படும், பள்ளி விடுமுறையிலும் பொது விடுமுறையிலும் திறந்திருக்கும். உங்கள் தேதிக்கு அவர்கள் இணையப் பக்கத்தில் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். என்னைக் கேட்டால் திங்கள் வந்து சேர்ந்து, செவ்வாய் பூங்கா, புதன் திரும்புவது. ஜூன் மாதத்திலும் ஆண்டிறுதியிலும் சிங்கப்பூர் பள்ளிகளுக்கும் விடுமுறை. அப்போது பத்து பெரிங்கியின் குடும்ப அறைகள்தான் முதலில் தீரும். தைப்பூச வாரத்தில் நகரத்து அறைகள் கிடைப்பது அரிது, கடற்கரையில் ஓரளவு கிடைக்கும்.

வந்து இறங்கும் நாளிலேயே பூங்காவுக்குப் போக வேண்டாம். கோலாலம்பூரிலிருந்து 350 கிலோமீட்டருக்கு மேல் வருகிறீர்கள். அறைச் சாவி பிற்பகல் 3 மணிக்குத்தான் கையில் வரும். அன்று குளமும் ஓய்வும் போதும்.

மழை பினாங்கில் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் அதிகம். மற்ற மாதங்களிலும் மாலை இடி மழை புதிதல்ல. மின்னல் வந்தால் பூங்காவில் விளையாட்டுகளை நிறுத்திவிடுவார்கள், விடுதியிலும் குளத்தை மூடுவார்கள். கட்டணமில்லாமல் தேதியை மாற்ற முடியுமா, எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும் என்பதைப் பதிவின்போதே பாருங்கள். திருப்பித் தர முடியாத மலிவு விலை, முதியவரோடும் சிறு குழந்தையோடும் பயணம் செய்பவர்களுக்கு ஏற்றதல்ல. ஒரு காய்ச்சல் வந்தால் முழுப் பணமும் போய்விடும். மழையால் பூங்கா நின்றால் அதே சாலையில் என்டோப்பியா வண்ணத்துப்பூச்சிப் பண்ணை இருக்கிறது. 1986-இல் சிறிய பண்ணையாகத் தொடங்கியது அது. இன்று உள்ளரங்கக் காட்சிகளோடு வளர்ந்திருக்கிறது. பாட்டியும் பேத்தியும் கைகோத்து மெதுவாகப் பார்க்கக்கூடிய இடம். மழை இல்லாவிட்டாலும், கணவர் மகனோடு பூங்காவில் இருக்கும் நேரத்தில் நீங்கள் அவர்கள் இருவரையும் அங்கே அழைத்துப் போகலாம்.

உங்களைப் போன்ற கேள்வியோடு வேறு அமைப்பில் உள்ள குடும்பங்களும் வருவதால் அவர்களுக்கும் சில வரிகள். பிள்ளைகள் இருவரும் பதின்ம வயது, கூடவே முதியவர் இல்லை என்றால் நான் சொன்னதில் பாதி பொருந்தாது. யாரும் மதியம் திரும்பப் போவதில்லை. ஜார்ஜ் டவுனில் தாராளமாகத் தங்குங்கள், இரவில் சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பழைய கடைவீடுகளை மாற்றிக் கட்டிய மரபு விடுதிகளைப் பிடிக்கும்போது படிக்கட்டைப் பாருங்கள்; பலவற்றில் மின்தூக்கி இல்லை, மரப்படிகள் செங்குத்தானவை. பிள்ளைகள் எல்லோரும் 5 வயதுக்குக் கீழே என்றால் எஸ்கேப்பை இன்னும் சில ஆண்டுகளுக்குத் தள்ளிவையுங்கள். ஜார்ஜ் டவுனின் கோம்தார் கோபுரத்தில் இருக்கும் டாப் பினாங்கு உள்ளரங்கப் பூங்கா அந்த வயதுக்குப் போதும், 68-ஆம் தளத்தில் கண்ணாடி நடைபாதையும் உண்டு. அப்போது நகரத்து விடுதியே சரி. கார் இல்லாதவர்கள் 101-ஆம் எண் ரேபிட் பினாங்கு பஸ்ஸை நினைவில் வையுங்கள். அது நகரத்திலிருந்து பத்து பெரிங்கி வழியாகத் தெலுக் பஹாங் வரை போகிறது. மாலை 6 மணிக்குப் பூங்கா வாசலில் எல்லோரும் ஒரே நேரத்தில் கிராப் வண்டி தேடுவார்கள்; அரைமணி முன்பே கிளம்பிவிட்டால் காத்திருக்க வேண்டியிராது. அடுக்ககங்களில் நாள் வாடகைக்கு வீடு பார்ப்பவர்கள் ஒன்றை விசாரித்துக்கொள்ளுங்கள்: குடியிருப்பு அடுக்ககங்களில் குறுகிய கால வாடகைக்குப் பினாங்கு மாநில அரசு 2023-இல் கட்டுப்பாடுகள் கொண்டுவந்தது. நிர்வாகத்தின் அனுமதி இல்லாத வீடு என்றால் வாசல் காவலரிடம் நின்று விளக்கம் சொல்ல வேண்டிவரும். தமிழ்நாட்டிலிருந்து உறவினர் சேர்ந்து வந்தால், வெளிநாட்டவருக்கு ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி உண்டு, மலேசியர்களுக்கு இல்லை.

கடைசி நாளை மாமியாருக்கு விட்டுவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். இரண்டு நாள் பிள்ளைகளுக்காகக் காத்திருந்தவர் அவர். காலை உணவை முடித்து 9 மணிக்கெல்லாம் அறையை ஒப்படைத்துவிட்டால் கோயில் நடை சாத்துவதற்கு முன் நகரத்துக்கு வந்துவிடலாம். மலைமேல் இருக்கும் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு 513 படிகள். முட்டிவலியோடு அது முடியாது. அதே தண்ணீர்மலைச் சாலையில், சமதரையில் நாட்டுக்கோட்டை நகரத்தார் 1857-இல் எழுப்பிய தண்டாயுதபாணி கோயில் இருக்கிறது. முருகனை அங்கே நின்று நிதானமாகத் தரிசிக்கலாம். பிறகு குவீன் ஸ்திரீட் மகா மாரியம்மன் கோயில். 1833-இல் கட்டப்பட்டது, பினாங்கின் மிகப் பழைய இந்துக் கோயில். அங்கிருந்து குட்டி இந்தியாவில் மதிய உணவுக்கு நடந்தே போய்விடலாம். பகல் 2 மணிக்குள் காரை எடுத்தால் வேலை முடிந்து திரும்புவோரின் நெரிசல் தொடங்கும் முன் முதல் பாலத்தைக் கடந்துவிடுவீர்கள். நகரத்திலிருந்து கிளம்பும்போது அதுதான் பக்கம். இரண்டாம் பாலம் தீவின் தெற்கே பத்து மாவுங்கில் தொடங்குவதால், முதல் பாலத்தில் விபத்து என்று செய்தி வந்தால் மட்டும் அந்தப் பக்கம் திரும்புங்கள்.